பழம்பொருளில் அறம் கண்டவர்

வீட்டின் பரணிலும் பெட்டியின் அடியிலும் நாம் மறந்துவிட்ட பொருள்கள் பல கிடக்கின்றன. வளர்ந்த பிள்ளைக்குப் பற்றாத சட்டை, காலொடிந்த நாற்காலி, புதியது வந்தபின் ஒதுக்கப்பட்ட பாத்திரம், தேய்ந்த காலணி ஆகியவற்றை நாம் பொருளாகவே மதிப்பதில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றனவே என்று சலித்துக்கொள்ளவும் செய்கிறோம். ஆனால், அதே சட்டையின்றிக் குளிரில் நடுங்கும் உடல் ஒன்று அதே ஊரில் இருக்கின்றது. காலொடிந்த நாற்காலியைச் செப்பனிடத் தெரிந்தும் வேலை கிடைக்காமல் சோர்ந்திருக்கும் தச்சன் ஒருவனும் இருக்கின்றான். பயனற்றதென ஒதுக்கப்பட்ட பொருளையும், பயனற்றவனென ஒதுக்கப்பட்ட மனிதனையும் ஒன்றுசேர்த்தால் இரண்டும் பயன்பெறும் என்று கண்டவர் ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவர் வில்லியம் பூத் என்பவர். இரட்சணிய சேனை என்னும் உலகளாவிய அமைப்பைத் தோற்றுவித்தவர்.

இளமையும் வறுமையும்

வில்லியம் பூத் 1829ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள், நாட்டிங்ஹாம் நகரை அடுத்த ஸ்நெயின்டன் என்னும் இடத்தில் பிறந்தார். அவருடைய தந்தை சாமுவேல் பூத் வீடுகள் கட்டி விற்று ஓரளவு பொருள் சேர்த்தவர். ஆயினும், அச்செல்வம் நிலைக்கவில்லை. தொழிலில் இழப்பின்மேல் இழப்பு நேர்ந்தது, குடும்பம் வறுமையுற்றது. அதனால் பதின்மூன்றாம் வயதில் பூத் பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டு ஓர் அடகுக் கடையில் தொழில் பழகுபவராகச் சேர நேர்ந்தது. அதே 1842ஆம் ஆண்டில் தந்தையும் இறந்தார். தாயார் நகரின் ஏழைகள் வாழும் பகுதியில் சிறு கடை ஒன்று வைத்துக் குடும்பத்தைக் காத்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில் அடகுக் கடை ஏழைகளின் வாழ்வோடு பின்னிப் பிணைந்திருந்தது. பொன்னும் மணியும் வைத்திருப்போர் மட்டும் அங்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையன்று உடுத்தும் ஒரே நல்லுடையைத் திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து அடகு வைப்பர். சனிக்கிழமை கூலி கிடைத்ததும் வட்டியோடு பணத்தைக் கொடுத்து அதனை மீட்பர். மறு திங்கட்கிழமை அதே உடை மீண்டும் கடைக்கு வரும். வேலை இழந்தவர் வீட்டிலிருந்து முதலில் உடையும், அதன்பின் படுக்கையும், இறுதியில் தொழில் செய்யும் கருவியும் வந்து சேரும். கருவியையும் அடகு வைத்துவிட்ட தொழிலாளி வேலை கிடைத்தாலும் செய்ய இயலாதவனாய் நிற்பான்.

இக்காட்சிகளைச் சிறுவர் பூத் நாள்தோறும் கண்டார். பழந்துணி ஒன்றன் மதிப்பு யாதென அவர் அறிந்தது அங்கேதான். செல்வர் இரவலருக்கும் கொடுக்கக் கூசும் போர்வை, ஏழைக் குடும்பம் ஒன்றனுக்கு ஒருவார உணவாக மாறுவதை அவர் கண்ணால் கண்டார். துன்பத்தைக் காசாக்கும் அத்தொழிலில் அவருக்கு வெறுப்பு உண்டாயிற்று. ஆயினும், அங்குப் பெற்ற அறிவு பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

இலண்டன் மாநகரில்

பதினைந்தாம் வயதில் பூத் சமயப் பணியில் உள்ளம் செலுத்தினார். பகலெல்லாம் கடையில் உழைத்து, மாலையில் தெருக்களில் நின்று ஏழை மக்களுக்குச் சமயவுரை ஆற்றினார். தொழில் பழகும் காலம் முடிந்தபின் ஊரில் வேலை கிடைக்கவில்லை. 1849ஆம் ஆண்டு இலண்டனுக்குச் சென்றார். அங்கும் அடகுக் கடை வேலைதான் கிடைத்தது. சில ஆண்டுகளில் அதனை விட்டு முழுநேரச் சமயப் பணியாளரானார்.

1855ஆம் ஆண்டு கேதரின் மம்ஃபோர்டு என்னும் நங்கையை மணந்தார். கேதரின் நுண்ணறிவும் நாவன்மையும் வாய்ந்தவர். பெண்கள் மேடையேறிச் சமயவுரை ஆற்றுவதை உலகம் ஒப்பாத காலத்தில் அவர் துணிந்து உரையாற்றினார். கணவருக்குச் சோர்வு நேர்ந்தபோதெல்லாம் ஊக்கம் அளித்தார். இவ்விருவருக்கும் எட்டுக் குழந்தைகள் பிறந்தனர்.

1865ஆம் ஆண்டு பூத் கிழக்கு இலண்டனில் தம் பணியைத் தொடங்கினார். துறைமுகக் கூலிகளும், தீப்பெட்டி செய்வோரும், வேலையற்றோரும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. ஒயிட்சாப்பல் பகுதியில் கூடாரம் ஒன்றில் அவர் கூட்டங்கள் நடத்தினார். அப்பணி மெல்ல வளர்ந்து, 1878ஆம் ஆண்டு இரட்சணிய சேனை என்னும் பெயரைப் பெற்றது. போர்ப்படையைப் போல அதற்குச் சீருடையும் கொடியும் இசைக்குழுவும் அமைந்தன. பூத் அதன் தளபதியாக விளங்கினார். தெருவில் சென்ற சேனையினர்மீது சேறும் கல்லும் எறிந்தோர் பலர். அவர்கள் அதனைப் பொறுத்துக்கொண்டு தம் பணியைத் தொடர்ந்தனர்.

பாலத்தில் கண்ட காட்சி

1887ஆம் ஆண்டு ஓரிரவு, வெளியூரில் ஒரு மண்டபத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பூத் இல்லம் திரும்பிக்கொண்டிருந்தார். நள்ளிரவு கடந்துவிட்டது. இலண்டன் பாலத்தைக் கடக்கும்போது, அதன் கற்சுவர் ஓரங்களில் மனிதர்கள் முடங்கிக் கிடப்பதைக் கண்டார். குளிருக்குப் போர்த்த அவர்களிடம் பழைய செய்தித்தாள்களே இருந்தன. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பொழுது புலர்ந்ததும் தம் மூத்த மகன் பிராம்வெல்லை அழைத்து, அவர்களுக்கு ஏதேனும் செய்தே தீரவேண்டும் என்று கட்டளையிட்டார்.

அதன் பயனாக 1888ஆம் ஆண்டு லைம்ஹவுஸ் பகுதியில் வீடற்றோர் தங்கும் விடுதி ஒன்று திறக்கப்பெற்றது. அங்கு ஒருவர் 4 பென்ஸ் கொடுத்தால் இரவு உணவும் படுக்கையும் காலை உணவும் பெறலாம். அவ்வளவும் இல்லாதார் என் செய்வது? அவர்கள் உழைத்துத் தம் கடனைத் தீர்க்க வழிவகுக்கப்பெற்றது. வாளா கொடுக்கும் பிச்சை, பெறுவோனைத் தாழ்த்தும் என்பது பூத்தின் கொள்கை. ஆகவே, சோறு கொடுப்பதோடு வேலையும் கொடுத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். ஆனால், கைத்தொழில் மறந்தும் உடல் நலிந்தும் வருவோர் பல்லாயிரவருக்கு வேலையை எங்ஙனம் தேடுவது? முதலீடு இல்லாத தொழில் எது? மூலப்பொருள் விலையின்றிக் கிடைக்கும் தொழில் எது? இவ்வினாவிற்கு விடை அவருடைய இளமை அனுபவத்திலேயே இருந்தது.

நூலும் திட்டமும்

1890ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பூத் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். இருண்ட இங்கிலாந்தையும் அதிலிருந்து மீளும் வழியையும் கூறும் நூல் அது. அதனை எழுதிய காலத்தில் கேதரின் புற்றுநோயால் படுக்கையில் கிடந்தார். நோயுற்ற மனைவியின் அருகிலிருந்து பூத் அதனை உருவாக்கினார். பத்திரிகை ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட் அதற்குத் துணை செய்தார். நூல் வெளிவருமுன்பே, அக்டோபர் 4ஆம் நாள், கேதரின் உயிர் நீத்தார்.

நாட்டு மக்களுள் பத்தில் ஒரு பங்கினர், ஏறத்தாழ 30 லட்சம் பேர், வறுமையில் மூழ்கிக் கிடக்கின்றனர் என்று பூத் அந்நூலில் கணக்கிட்டார். இலண்டன் தெருவில் வாடகை வண்டிக் குதிரை ஒன்று விழுந்தால் அதனைத் தூக்கி நிறுத்துகின்றனர். அதற்குத் தீனியும் கொட்டிலும் வேலையும் உண்டு. அவ்வளவுகூட மனிதனுக்கு இல்லையே என்று அவர் வருந்தினார். அந்நூல் ஓராண்டிற்குள் ஏறத்தாழ 2 லட்சம் படிகள் விற்பனையாயிற்று.

அந்நூலில் கூறப்பெற்ற திட்டங்களுள் ஒன்றே வீட்டுப் பொருள் மீட்புப் படை என்பது. மாநகரில் நாள்தோறும் வீணாகும் பொருள்களைப் பூத் எண்ணிப் பார்த்தார். கிழிந்த உடை, தேய்ந்த காலணி, வெற்றுப் புட்டி, பழைய தாள், உடைந்த குடை, தகர டப்பா, படித்து முடித்த நூல் ஆகிய இவையெல்லாம் குப்பையில் சேர்கின்றன. இவற்றை முறையாகத் திரட்டினால் பல்லாயிரவருக்குத் தொழில் கிடைக்கும் என்று அவர் கண்டார்.

அவர் வகுத்த முறை எளியது, எனினும் நுட்பமானது. நகரத்தைப் பல வட்டங்களாகப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு வட்டத்திற்கும் வேலையற்றோருள் சிலரை அமர்த்துதல் வேண்டும். அவர்கள் குறித்த நாளில், வண்டியோடு வீடுதோறும் சென்று, வேண்டாத பொருள்களைப் பெற்று வருவர். கொண்டுவந்த பொருள்கள் பட்டறையில் வகைவகையாகப் பிரிக்கப்பெறும். உடுத்தத்தக்க உடைகள் தைத்துச் செப்பனிடப்பெறும். காலணிகளுக்குப் புது அடித்தோல் இடப்படும். நாற்காலிக்குக் கால் பொருத்தப்படும். உடுத்த இயலாத கந்தலும் வீணாகாது. கம்பளிக் கந்தலைப் பிய்த்து மீண்டும் நூலாக நூற்கும் ஆலைகள் யார்க்‌ஷயரில் இருந்தன. பருத்திக் கந்தலிலிருந்து தாள் செய்தனர். பழைய தாளும் ஆலைக்குச் சென்று மீண்டும் பயன்பட்டது.

இத்திட்டத்தில் நாம் கருத்திற்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கொடுப்பவர் வேண்டாம் என்று ஒதுக்கியதையே கொடுக்கின்றார். அதனால் அவருக்கு இழப்பில்லை. அதனைச் செப்பனிடுபவர் உழைப்பின் பயனாக உணவும் இருப்பிடமும் பெறுகின்றார். தாம் பயனுள்ளவர் என்னும் தன்மானத்தையும் பெறுகின்றார். சிறு விலை கொடுத்து அதனை வாங்கும் ஏழை, பிறரிடம் கையேந்தியதாக எண்ணாமல், கடையில் வாங்கியதாகவே எண்ணித் தலைநிமிர்ந்து செல்கின்றார். ஒரு பழஞ்சட்டை கைமாறும் வழியில் மூவரின் வாழ்வைத் தொடுகின்றது. பூத் திட்டத்தின் உயிர்நிலை இதுவே.

எதிர்ப்பும் சோதனையும்

இத்திட்டங்களைத் தொடங்க 1 லட்சம் பவுன் வேண்டும் என்று பூத் பொதுமக்களைக் கேட்டார். சில மாதங்களுக்குள் அத்தொகை திரண்டது. அதே வேளையில் கடும் எதிர்ப்பும் எழுந்தது. புகழ்பெற்ற அறிவியலறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி, இலண்டன் நாளிதழ் ஒன்றில் தொடர்ந்து மடல்கள் எழுதிக் கண்டித்தார். இவ்வளவு பெருந்தொகையையும் அதிகாரத்தையும் ஒருவர் கையில் ஒப்படைத்தல் தகாது என்பது அவர் கருத்து. பூத் பணத்தைத் தமக்கெனச் செலவிடுகின்றார் என்று பழித்தவரும் இருந்தனர். ஆகவே, தனிக்குழு ஒன்று கணக்குகளை ஆராய்ந்தது. பணம் உரிய முறையிலேயே செலவிடப்பட்டுள்ளது என்று 1892ஆம் ஆண்டில் அக்குழு முடிவு கூறியது.

பூத்தின் பணியில் குறைகளே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. வீட்டுப் பொருள் மீட்புப் படை தொடங்கப்பெற்று நடைபெற்றதாயினும், அவர் எண்ணியவாறு இலண்டன் முழுவதையும் அது தழுவவில்லை. சேனையின் தச்சுப் பட்டறையில் கொடுக்கப்பட்ட கூலி மிகக் குறைவு என்றும், அதனால் பிற தொழிலாளரின் கூலியும் தாழும் என்றும் பிற்காலத்தில் தொழிற்சங்கத்தார் முறையிட்டனர். சேனையைப் பூத் கடுமையான கட்டுப்பாட்டுடன் நடத்தினார். அதனைத் தாங்காது அவருடைய மக்களுள் சிலரே சேனையை விட்டு விலகினர். இவற்றையெல்லாம் கடந்து, ஏழைகள்பால் அவர் கொண்ட இரக்கம் உண்மையானது என்பதை அவரை எதிர்த்தோரும் நாளடைவில் உணர்ந்தனர்.

அவருடைய பணிகளுள் மற்றொன்றும் அறியத்தக்கது. அக்காலத்துத் தீக்குச்சி ஆலைகளில் வெண்பாஸ்பரத்தைப் பயன்படுத்தினர். அதன் நச்சுப் புகை தொழிலாளரின் தாடை எலும்பை அரித்தது. பூத் 1891ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனில் தீங்கற்ற செம்பாஸ்பரத்தால் தீக்குச்சி செய்யும் ஆலை ஒன்றைத் திறந்து, பிற ஆலைகளைவிட மிகுதியான கூலி கொடுத்தார். வெண்பாஸ்பரத் தீக்குச்சியை 1908ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டத்தால் தடை செய்தது.

கடல் கடந்த பணி

பழம்பொருள் திரட்டும் பணி இங்கிலாந்தைவிட அமெரிக்காவில் பெரிதும் தழைத்தது. பூத்தின் மருமகன் பிரெடரிக் பூத் டக்கர் என்பவர் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். இந்தியாவில் ஆட்சிப் பணியில் இருந்த அவர், அதனைத் துறந்து சேனையிற் சேர்ந்து, 1882ஆம் ஆண்டு பம்பாயில் சேனையின் பணியைத் தொடங்கினார். பின்னர் அவரும் அவர் மனைவி எம்மாவும் அமெரிக்காவில் சேனையின் தலைமையை ஏற்றனர். அவர்கள் காலத்தில், 1897ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், விடுதியில் தங்கிய ஆடவர்கள் கைவண்டிகளோடு தெருத்தெருவாகச் சென்று பழைய உடைகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் திரட்டினர். அவற்றைச் செப்பனிட்டு விற்ற பணம் அவர்களுடைய விடுதியைத் தாங்கியது.

1902ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் சமயப் பணியாளரும் இத்தகைய பணி ஒன்றைத் தொடங்கினார். செல்வர் வீடுகளில் சாக்குப் பைகளைக் கொடுத்துப் பழம்பொருள்களைத் திரட்டி, அவற்றைப் பழுதுபார்க்கும் வேலையை ஏழைகளுக்கு அளித்தார். குட்வில் என்னும் பெயரில் அவ்வமைப்பும் பெருவளர்ச்சி பெற்றது. இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அறக்கடைகள் ஊர்தோறும் உள்ளன. மக்கள் தம் வீட்டுப் பழம்பொருள்களை அங்குக் கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். குடிப்பழக்கத்திற்கு அடிமையானோரைத் திருத்தும் இல்லங்களை அமெரிக்காவில் சேனை அத்தகைய கடைகளின் வருவாயைக் கொண்டு நடத்துகின்றது.

தமிழ்நாட்டிலும் இக்குடும்பத்தின் பெயர் நிலைபெற்றுள்ளது. நாகர்கோவிலில் சேனை நிறுவிய மருத்துவமனை, பூத்தின் துணைவியார் நினைவாகக் கேதரின் பூத் மருத்துவமனை என்றே வழங்குகின்றது.

இறுதிக் காலம்

ஒருகாலத்தில் கல்லெறி பெற்ற பூத்தை முதுமையில் பெருமைகள் தேடி வந்தன. 1904ஆம் ஆண்டு மன்னர் ஏழாம் எட்வர்டு அவரை அரண்மனைக்கு வரவேற்றார். 1907ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டவர், அறிஞர் அவையில் பட்டம் பெற்று நின்றார்.

முதுமையில் அவருடைய கண்ணொளி மங்கியது. 1909ஆம் ஆண்டு ஒரு கண்ணை இழந்தார். 1912ஆம் ஆண்டு மே மாதம் மற்றொரு கண்ணுக்குச் செய்த அறுவை மருத்துவமும் பயன் தரவில்லை. இருள் சூழ்ந்த நிலையிலும் அவர் ஏழைகளின் நலத்தையே எண்ணினார். அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், 83ஆம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய உடலைக் காணப் பெருந்திரளான மக்கள் வந்தனர். அரசி மேரியும் நினைவுக் கூட்டத்தில் பொதுமக்களோடு மக்களாக அமர்ந்திருந்தார். கேதரினின் கல்லறைக்கு அருகிலேயே பூத்தும் அடக்கம் செய்யப்பெற்றார்.

நாம் கற்க வேண்டுவது

மாணவர்களே, பூத்தின் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? ஈகைக்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பதில்லை. நம் இல்லத்தில் வாளா கிடக்கும் பொருளே பிறருக்குச் செல்வமாகக்கூடும். ஆனால், வேண்டாததைத் தள்ளிவிடுவதெல்லாம் ஈகையாகாது. கிழிந்ததைத் தைத்தும், அழுக்கை வெளுத்தும், பெறுவோர் முகம் சுளியாதவாறு கொடுத்தல் வேண்டும். நாம் உடுத்த நாணும் கந்தலைப் பிறருக்கு ஈந்து, அதனை அறமென்று எண்ணி மகிழ்தல் தகாது. உடுத்தத்தக்கதை உடுப்பவர்க்கும், உடுத்தத்தகாததை அதனைப் பயன்படுத்தும் தொழிலுக்கும் சேர்ப்பித்தலே பூத் காட்டிய முறையாகும்.

பெறுவோரின் மானத்தையும் காத்தல் வேண்டும். கொடுத்ததைப் பலரறியக் கூறுதலும், பெற்றவரைப் பின்னர்ச் சுட்டிக்காட்டுதலும் ஈகையின் பயனை அழித்துவிடும். அடகுக் கடையில் தலைகுனிந்து நின்ற ஏழைகளைக் கண்டு வளர்ந்தமையால், அத்தலைகள் நிமிரவேண்டும் என்று பூத் விரும்பினார். பழம்பொருளைச் சிறு விலைக்கு விற்கவும், இரந்து வந்தவர்க்கு வேலை கொடுக்கவும் அவர் முனைந்ததன் காரணம் அதுவே. அவர் வகுத்த வழியில் நின்று, நம் வீட்டில் உறங்கும் பொருள்களை உரியவரிடம் சேர்ப்போமாக.